எடை குறைத்த பிறகு தொங்கும் தோலையும், அதனால் வரும் கூச்சத்தையும் எப்படிச் சமாளித்தீர்கள்?

கேள்வியின் விவரத்தை இரண்டு முறை படித்தேன். 40 கிலோ குறைத்திருக்கிறீர்கள். வயிறும் கைகளும் தொளதொளவென்று தொங்குகின்றன. உடுத்திக்கொண்டு வெளியே போனால் எல்லோரும் பாராட்டுகிறார்கள், குளிக்கப் போனால் அழுகை வருகிறது. இது தானாகச் சரியாகுமா, ஆகாதென்றால் இதோடு எப்படி இருப்பது என்று கேட்கிறீர்கள்.

நான் 128 கிலோவிலிருந்து 76க்கு வந்தவன். இரண்டேகால் வருடம் பிடித்தது. அப்போது எனக்கு வயது 37, இப்போது 41. எடை குறைக்கவும் அறுவை சிகிச்சை செய்துகொள்ளவில்லை, தோலுக்கும் செய்துகொள்ளவில்லை. அதாவது அந்தத் தோல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

தானாகச் சரியாகுமா? கொஞ்சம் ஆகும். முழுசாக ஆகாது. தோலின் உள்ளடுக்கில் கொலாஜன், எலாஸ்டின் என்று இரண்டு வகை நார்கள் உண்டு. கொலாஜன் உறுதிக்கு, எலாஸ்டின் இழுத்தால் பழையபடி சுருங்குவதற்கு. இந்த எலாஸ்டினை உடம்பு பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலும்தான் தயாரிக்கிறது, வளர்ந்த பிறகு புதிதாக உருவாவது மிகக் குறைவு. பத்துப் பதினைந்து வருடம் விரிந்தே இருந்த தோலில் இந்த நார்கள் அறுந்தும் சிதைந்தும் போயிருக்கும். எலாஸ்டிக் போன பழைய பைஜாமா மாதிரி. உள்ளே இருந்த ஆள் இளைத்துவிட்டான் என்பதற்காக அது சுருங்காது. எத்தனை வருடம் குண்டாக இருந்தோம், எவ்வளவு குறைந்தது, வயது என்ன, புகைபிடிக்கிற பழக்கம் உண்டா, வெயிலில் எவ்வளவு காய்ந்தோம், அப்பா அம்மாவிடமிருந்து எப்படிப்பட்ட தோல் வந்தது என்று எல்லாம் சேர்ந்துதான் மிச்சத்தை முடிவு செய்கின்றன. இதில் இன்றைக்கு உங்கள் கையில் இருப்பது புகையும் வெயிலும் மட்டும். எனக்கு முகமும் கழுத்தும் ஒரு வருடத்தில் ஓரளவு இறுகிவிட்டன. வயிறு, உள்தொடை, மேல்கை மூன்றும் அப்படியே நின்றுவிட்டன.

க்ரீம்களைப் பற்றி ஒரு பத்தி போதும். கொலாஜன் க்ரீம் மூன்று டப்பா தீர்த்தேன். கொலாஜன் மூலக்கூறு பெரியது, தோலுக்கு மேலே தடவினால் உள்ளடுக்குவரை போகாது. மேல்தோலின் வறட்சி போகும், அவ்வளவுதான். வயிற்றைச் சுற்றி பிளாஸ்டிக் தாள் கட்டிக்கொண்டு நடந்தும் பார்த்தேன். வேர்க்குரு வந்தது.

இதையெல்லாம்விடப் பெரிய முட்டாள்தனம் ஒன்று செய்தேன். இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

76 கிலோவில் என் உயரத்துக்குச் சரியான எடைக்கு வந்துவிட்டேன். ஆனால் கண்ணாடியில் வயிறு தொங்குகிறது. எனக்குத் தொங்குவது என்றாலே கொழுப்புதான். அத்தனை வருடப் பழக்கம். 'இன்னும் ஏழெட்டு கிலோ பாக்கி இருக்கு போல' என்று சாப்பாட்டை மேலும் குறைத்தேன். 72 ஆனது. இன்னும் தொங்கியது. 69 ஆனது. இன்னும் அதிகமாகத் தொங்கியது. தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது, எந்நேரமும் குளிர்ந்தது, இரண்டு மாடி ஏறினால் கண் இருட்டியது. நானோ எடை மெஷினில் முள் இறங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மயக்கம் என்று டாக்டரிடம் போனபோது அவர் சட்டையைத் தூக்கச் சொன்னார். தொப்புளுக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். ஈரத்துணி மாதிரி வந்தது. சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அந்த மடிப்போடு ஒட்டி வைத்துக் காட்டினார். "இந்தப் பேனா தடிமன்கூட இல்ல பாருங்க. இது தோலுங்க. கொழுப்பா இருந்தா இதைவிடத் தடியா வரும். தோலைப் பட்டினி போட்டுக் கரைக்க முடியாது. நீங்க கரைச்சுக்கிட்டு இருக்கிறது தசையை" என்றார்.

தொங்குவது எல்லாமே வெறும் தோலாகத்தான் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. நிறைய எடை குறைந்தவர்களுக்கு அடிவயிற்றில் தோலோடு கொஞ்சம் கொழுப்பும் ஒட்டிக்கொண்டிருக்கும். உங்களுக்கு எது எவ்வளவு என்று ஒரு மருத்துவரிடம் காட்டித் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாமல் என்னைப் போல உணவைக் குறைத்துக்கொண்டே போகாதீர்கள். தசை கரைந்தால் தோலுக்கு உள்ளிருந்து கிடைக்கும் தாங்கலும் போய்விடும், இன்னும் தொங்கும். ஒரு வருடம் நான் ஓடிய ஓட்டம் தலைகீழான ஓட்டம்.

அதன் பிறகுதான் எடை தூக்கும் பயிற்சிக்கு வந்தேன், புரதமும் போதுமான அளவுக்குச் சாப்பிட ஆரம்பித்தேன். 69லிருந்து 75க்கு ஏறினேன். அந்த ஆறு கிலோ ஏறும்போது எனக்கிருந்த பயம் இருக்கிறதே, அதைச் சொன்னால் எடை குறைத்தவர்களுக்கு மட்டும்தான் புரியும். தோளும் மேல்கையும் தொடையும் சதை வைத்து, காலியாக இருந்த பை கொஞ்சம் நிறைந்தது. வயிற்றில் அந்த அளவுக்கு வித்தியாசம் இல்லை. வயிற்றுத் தசை தட்டையான தசை, புஜம் மாதிரி புடைத்துத் தோலை நிரப்பாது. தினமும் இருநூறு தடவை படுத்து எழும் பயிற்சி செய்தாலும் அடிவயிற்று மடிப்பு ஏறாது.

அடுத்து, யாரும் பேசாத அன்றாடத் தொல்லைகள். அழகு அப்புறம் இருக்கட்டும், மடிப்பு இருந்தால் அங்கே வேர்வை தேங்கும். தோலோடு தோல் உரசும். சிவந்து, அரித்து, ஈரப்புண் ஆகி, ஒரு வாடையும் வரும். பூஞ்சைக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. குளித்ததும் மடிப்பைத் தூக்கி, தேய்க்காமல் ஒற்றி ஒற்றித் துடைப்பேன். பிறகு மின்விசிறிக்கு நேரே இரண்டு நிமிடம் நிற்பேன். பார்க்கக் கொடிபிடித்து நிற்பவன் போலத்தான் இருக்கும், யார் பார்க்கிறார்கள்? உரசும் இடத்தில் துத்தநாக ஆக்ஸைடு களிம்பு மெல்லிசாகப் பூசினால் எரிச்சல் குறையும். சிவப்பு நாலைந்து நாளில் அடங்காவிட்டால் தோல் டாக்டரைப் பாருங்கள். கடையில் கேட்டு ஏதோ ஒரு களிம்பு வாங்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் அரிப்பு இரண்டு நாள் அடங்கி, பூஞ்சை உள்ளுக்குள் பரவும். சர்க்கரை நோய் இருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

ஓட ஆரம்பித்தபோது வயிற்றுத் தோல் தப் தப்பென்று அடித்துக்கொள்ளும். பின்னால் யாரோ ஓடிவருகிறார்கள் என்று முதல் நாள் திரும்பிக்கூடப் பார்த்தேன். உடம்போடு இறுக்கிப் பிடிக்கும் உள்பனியன் போட்ட பிறகு சத்தமும் இல்லை, இழுக்கும் வலியும் இல்லை. அது தோலைச் சுருக்காது. ஆனால் ஓடலாம், எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. படுக்கையில் ஒருக்களித்துப் படுத்தால் வயிறு பக்கத்தில் தனியாகக் கொட்டிக்கிடக்கும், ஒரு சின்னத் தலையணையைக் கட்டிக்கொண்டு படுத்தால் தெரியாது.

சரி, மனசு.

எடை குறைந்து ஒரு வருடம் கழித்தும், இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே நான் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவேன். நேராக நடந்தால் இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சம் இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் முதலில் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். துணிக்கடையில் கை தானாகப் பெரிய அளவுகள் தொங்கும் பக்கம் போகும். உடம்பு இளைத்துவிட்டது, மூளையில் இருக்கும் உடம்பின் வரைபடத்தை யாரும் திருத்தவில்லை. போன கொழுப்பு இன்னும் இருப்பதாகவே உணர்வதை மாயக் கொழுப்பு என்று சொல்லலாம், பலருக்கும் நேர்வதுதான். இதில் தொங்கும் தோல் வேறு சேர்ந்துகொண்டால், பழைய ஆள் உள்ளேயே ஒளிந்திருக்கிறான் என்று மூளைக்குச் சாட்சி கிடைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

நான் தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று வயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். நேற்றைவிட இன்று குறைந்திருக்கிறதா என்று. தோல் ஒரே ராத்திரியில் மாறாது என்று தெரிந்தும்தான். அந்த ஒரு பழக்கத்தை நிறுத்தியது, நான் செய்த எதையும்விட அதிகம் உதவியது. கண்ணாடியை மூடவில்லை. முகம் மழிக்கலாம், தலை சீவலாம். பிடித்து இழுக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. முதல் இரண்டு வாரம் கை குறுகுறுத்தது. இன்னொன்றையும் கவனித்தேன். எங்கள் குளியலறையில் விளக்கு தலைக்கு நேர் மேலே இருக்கிறது. மேலிருந்து விழும் வெளிச்சத்தில் ஒவ்வொரு மடிப்புக்கும் கீழே ஒரு நிழல் விழுந்து, இருப்பது இரண்டு மடங்காகத் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் அதே வயிறு வேறு வயிறு.

முன்னும் பின்னும் என்று போடுகிறார்களே, அந்தப் படங்களைப் பற்றியும் ஒன்று. நானும் ஒன்று போட்டேன். அதிகம் பேர் பாராட்டிய என் படம் அதுதான். அதில் அடிவயிற்றுத் தோல் மொத்தத்தையும் மடித்து இடுப்புக்கு மேலே ஏற்றிப் போட்ட பேண்டுக்குள் செருகியிருந்தேன், மூச்சும் பிடித்திருந்தேன். இப்போது அப்படிப்பட்ட படம் எதைப் பார்த்தாலும் என் கண் முதலில் பேண்ட் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றுதான் பார்க்கிறது.

துணையிடம் எப்படி என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கேள்விக்குள் அது இருக்கிறது. நான் எடை குறைந்த பிறகுதான் விளக்கை அணைக்க ஆரம்பித்தேன். குண்டாக இருந்தபோது அணைத்ததில்லை. ஒரு நாள் என் மனைவி கேட்டாள்: "லைட்டை அணைக்கிறது எனக்காகவா, உங்களுக்காகவா?" பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வாரம், தோல் இடிக்கிறது, கூசுகிறது, இந்தப் பக்கம் கை வைக்காதே என்று வாய்விட்டுச் சொன்னேன். சரி என்றாள். நான் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த பேச்சுக்கு அவள் கொடுத்த பதில் அந்த ஒரு சொல்தான்.

இதில் ஓர் எல்லை உண்டு. தினமும் மணிக்கணக்கில் இதே நினைப்பு, யாரையும் பார்க்கப் போகாமல் தவிர்ப்பது, சாப்பிடவே பயம், சாப்பிட்டதை வாந்தியெடுப்பது என்றெல்லாம் இருந்தால், அது தோலின் பிரச்சினையைத் தாண்டிவிட்டது. மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். உடல் தோற்றத்தைப் பற்றிய தீராத நினைப்புக்குச் சிகிச்சை இருக்கிறது, பலன் தருகிற சிகிச்சை. அந்த நிலையில் தோலை மட்டும் அறுத்து எடுத்தால் நினைப்பு வேறொரு இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அறுவை சிகிச்சையை நான் எதிர்க்கவில்லை. பெரிய அளவில் தொங்கும் தோலை நிஜமாகவே அகற்றுவது அது ஒன்றுதான். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லிப்போசக்ஷன் தோலை எடுக்காது, தனியாக அதைச் செய்தால் தொய்வு கூடவும் கூடும். வயிற்றுக்கு இரண்டு விதம் உண்டு. தொங்கும் மடிப்பை மட்டும் வெட்டி எடுப்பது ஒன்று. விலகிப்போன வயிற்றுத் தசையையும் உள்ளே தைத்து இறுக்கி, தொப்புளை இடம் மாற்றி வைப்பது இன்னொன்று. இரண்டிலும் பெரும்பாலும் ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்புவரை தழும்பு நிற்கும். கைக்குச் செய்தால் அக்குளிலிருந்து முழங்கை நோக்கி. எடை குறைந்தது ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும், புகையை நிறுத்தியிருக்க வேண்டும், இனி குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் பொதுவாக அதன் பிறகு செய்துகொள்ளச் சொல்வார்கள். நீர் கோத்துக்கொள்வது, தையல் பிரிவது, ரத்தம் உறைவது எல்லாம் நடக்கக்கூடியவை, சர்ஜனிடம் இவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள். என் நண்பர் ஒருவர் வயிற்றுக்குச் செய்துகொண்டார். ஆறு வாரம் நிமிர்ந்து நடக்கப் பட்ட பாட்டைச் சொல்லிவிட்டு, தழும்பைக் காட்டி, "இதுக்கு மேல ஜிப் வச்சுத் தச்சிருக்கலாம்" என்றார். ஆனால் மறுபடி கேட்டாலும் செய்துகொள்வேன் என்கிறார். அவருக்கு அதற்கு முன் மடிப்பில் வந்த புண் ஆறவே இல்லை. எனக்கு அவ்வளவு இல்லை, அதனால் இன்னும் முடிவெடுக்கவில்லை.

நீச்சல் குளத்துக்குப் போவதையும் கேட்டிருந்தீர்கள். நான் ஒரு வருடம் டி-ஷர்ட் போட்டுக்கொண்டே இறங்கினேன். நனைந்த டி-ஷர்ட் உடம்போடு ஒட்டி, வயிற்று மடிப்பு ஒவ்வொன்றையும் அச்சு எடுத்த மாதிரிக் காட்டும். இது எனக்குத் தெரியவந்தது, வேறு யாரோ எடுத்த ஒரு படத்தின் ஓரத்தில் என்னைப் பார்த்தபோது. அடுத்த முறை கழற்றிவிட்டு இறங்கினேன். தோள் வலியும் இல்லாமல் போனது, டி-ஷர்ட் தண்ணீர் குடித்தால் என்ன கனம் கனக்கும் தெரியுமா?