சஸ்காச்சுவான் வழி பி.ஆர். வாங்கியவர் டொரண்டோவுக்குக் குடிபோகலாமா?

கேள்வி: என் தம்பி சஸ்காச்சுவான் மாகாண நாமினேஷனில் (அந்த மாகாணத்தின் பரிந்துரையில்) கனடா பி.ஆர். (நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி) வாங்கி, குடும்பத்தோடு அந்த மாகாணத்து ரெஜைனாவில் இறங்கி ஏழு மாதம் ஆகிறது. அக்கவுண்ட்ஸ் வேலை அமையவில்லை. டொரண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கே போனால் கார்டைப் பிடுங்கிவிடுவார்களாமே? ராமநாதபுரத்தில் ஒரு ஏஜெண்ட், மாகாணத்திடம் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கித் தருவதாகப் பணம் கேட்கிறார். (கீழக்கரை வாசகி)

பதில்: பணம் கொடுக்காதீர்கள். அப்படியொரு என்.ஓ.சி.யே கிடையாது.

கீழக்கரை, தொண்டிப் பக்கம் இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்ததுதான். வளைகுடாவில் இக்காமா (குடியிருப்பு அனுமதி) கஃபீலோடு (ஸ்பான்சரான முதலாளியோடு) கட்டிப்போட்டதாக இருந்தது. அவர் விட்டால்தான் நகர முடிந்தது. பி.ஆர். அப்படியல்ல. 1982ஆம் ஆண்டு கனடா உரிமைச் சாசனத்தின் 6ஆவது பிரிவு, குடிமக்களைப் போலவே பி.ஆர். உள்ளவர்களும் எந்த மாகாணத்திலும் குடியிருந்து பிழைக்கலாம் என்கிறது. பி.ஆர். நிலைக்க 5 ஆண்டில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும் என்ற கணக்கிலும் எந்த மாகாணம் என்று பார்ப்பதில்லை.

சிக்கல் வேறு இடத்தில். நாமினேஷன் வாங்கும்போது அந்த மாகாணத்தில் குடியிருக்கும் எண்ணம் உண்டு என்று சொல்லித்தான் வாங்குகிறோம். அந்த எண்ணம் முதலிலிருந்தே பொய் என்று தெரிந்தால் அது தவறான தகவல் தந்த குற்றம், பி.ஆர். போகும், 5 ஆண்டுத் தடையும் வரும். விமானம் இறங்கிய கையோடு டொரண்டோவில் வீடு பிடிப்பவர்கள் மாட்டுவது இப்படித்தான். உங்கள் தம்பி ஏழு மாதம் அங்கேயே இருந்து வேலை தேடியவர், அவர் நிலை வேறு. ஆனால் அதற்குத் தாள் வேண்டும்: ரெஜைனா வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், வேலைக்கு விண்ணப்பித்த மின்னஞ்சல்கள், வந்த மறுப்புக் கடிதங்கள். எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். குடியுரிமை விண்ணப்பத்தில் பழைய முகவரிகளையும் வரிசையாகக் கேட்பார்கள், அதற்கும் உதவும்.

பி.ஆர். கார்டு கைக்கு வந்துவிட்டதா என்று முதலில் கேளுங்கள். வரவில்லையென்றால் குடியேற்றத் துறையில் முகவரியை மாற்றிய பிறகே வீட்டைக் காலி செய்ய வேண்டும். கார்டு பழைய விலாசத்துக்குப் போய்விட்ட நேரத்தில் ஊரில் ஒரு மௌத்து (மரணம்) என்று ஓடி வந்தால், திரும்பும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். தனிப் பயண ஆவணத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும்.

மருத்துவக் காப்பீடு மாகாணத்துக்கு மாகாணம் தனி. புதிய அட்டை வரும்வரை பழைய மாகாணம் சில வாரம் தாங்கும், அதிகபட்சம் 3 மாதம். எனவே போனதும் டொரண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தின் அட்டைக்கு எழுதிப் போட வேண்டும். ஓட்டுநர் உரிமத்தை 60 நாளுக்குள் மாற்ற வேண்டும். வரியில், டிசம்பர் 31 அன்று எந்த மாகாணத்தில் குடியிருக்கிறாரோ அந்த மாகாணத்துக்குத்தான் அந்த ஆண்டு முழுவதற்கும் மாகாண வரி.

தம்பி மனைவி நர்ஸ் அல்லது டீச்சர் என்றால் மட்டும் அவசரப்பட வேண்டாம். ஒண்டாரியோவில் நிரந்தரமாக வேலை பார்க்க அந்த மாகாணத்தின் பதிவு தனியாக வேண்டும். ரெஜைனாவில் இருந்தபடியே ஒண்டாரியோ பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டு, அது கையில் வந்தபின் கிளம்பினால் ஒரு சம்பளமாவது நிற்காமல் வரும்.