தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீரா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வறட்சியைக் கொண்டுவரும் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி கிணற்றைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறையும் அப்படியே. அதனால் கிணற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

நிலாவெளியிலிருந்து ஒரு வாசகி: எங்கள் கிணற்றில் முன்பெல்லாம் நல்ல தண்ணீர். மோட்டார் போட்ட பிறகு ஆடி, ஆவணியில் உவர்க்கிறது. இன்னும் ஆழமாக வெட்டினால் சரிவருமா?

வேண்டாம் அம்மா. ஆழமாக வெட்டினால் உப்புக்குத்தான் இன்னும் கிட்டப் போவீர்கள்.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவே மணல். உங்கள் ஊரின் நிலம் அப்படி. மாரியில் பெய்த மழை அந்த மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது, அதனால்தான் மேலே நிற்கிறது. கணக்குப்படி, நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் உயர்ந்திருந்தால், கீழே ஏறக்குறைய 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். இதை அப்படியே திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு சாண் குறைந்தால், அடியில் பல மீற்றருக்கு உப்புநீர் ஏறிவிடும். மோட்டாரால் ஒரேயடியாக இழுக்கும்போது நடப்பது இதுதான். ‘உவர்நீர் ஊடுருவல்’ என்று இதைச் சொல்கிறோம். நூறு பங்கில் இரண்டு பங்கு கடல்நீர் கலந்தாலே நாக்குக்குத் தெரிந்துவிடும்.

2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையோரத்தில் கிணறுகளைத் துப்புரவாக்கப் போனபோதும் இதைப் பார்த்தோம். திரும்பத் திரும்ப இறைத்த சில இடங்களில் உப்புக் குறையாமல் கூடியது. அதைக் கழுவி இறக்கியது அடுத்து வந்த மாரி மழைதான்.

ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு இறையுங்கள். கூரையில் விழும் மழைநீரைத் தெருவுக்கு விடாமல் வளவுக்குள் மணலில் இறக்குங்கள். முற்றம் முழுக்கச் சீமெந்து பூச வேண்டாம். பக்கத்து வளவுக்காரரோடும் பேசுங்கள், ஏனென்றால் கிணறு இரண்டானாலும் தண்ணீர் ஒன்றுதான்.

கிண்ணியா வாசகர் ஒருவர்: எங்கள் கிணற்றில் அடி தெரியும் அளவுக்குத் தண்ணீர் தெளிவு. மலசலகூடக் குழி 20 அடி தள்ளித்தான் இருக்கிறது. கொதிக்கவைத்துக் குடித்தால் போதும்தானே?

அது பாதிப் பாதுகாப்புத்தான். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று சாகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். குழியிலிருந்தும், தோட்டத்துக்குப் போடும் யூரியாவிலிருந்தும் மண்ணுக்குள் இறங்கும் நைத்திரேற்று என்ற இந்த இரசாயனத்துக்கு நிறம், மணம், ருசி எதுவும் இல்லை. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம்.

கலங்கல் என்பது கண்ணுக்குத் தெரிவது. மாசு பல வேளை கண்ணுக்குத் தெரியாதது. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் வரும் நோய்கள்தான் எனக்கு மிகவும் கவலை. மணல் நிலத்தில் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 100 அடியாவது வேண்டும். 20 அடி மிகக் கிட்ட. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லித் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். அதுவரை குழந்தைக்கு வேறு தண்ணீர் பாவியுங்கள்.

கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது நஞ்சா?

இல்லை. கல்சியமும் மகனீசியமும் கூடிய தண்ணீர் ‘வன்னீர்’. கொதிக்கும்போது அது சுண்ணாம்பாகப் படியும். சவர்க்காரம் நுரைக்காது, அவ்வளவுதான்.

தம்பலகாமத்து விவசாயி: வயலோரக் குளத்தில் விடியற்காலையில் மீன் செத்து மிதக்கிறது. யாரும் நஞ்சு போட்டிருப்பார்களா?

கிருமிநாசினி அடித்து ஓரிரு நாள் என்றால் அதையும் பார்க்க வேண்டும், தம்பி. ஆனால் நீங்கள் சொன்ன ‘விடியற்காலை’தான் பெரிய தடயம். வயலில் மிஞ்சிய பசளை வாய்க்கால் வழியே குளத்தில் சேர்ந்தால் பாசி தழைக்கும். இதுவே ‘நற்போசணையாக்கம்’. பகலில் பாசி ஒட்சிசன் தரும், இரவில் மூச்சுவிட அதுவும் ஒட்சிசனை எடுக்கும். செத்த பாசியைச் சிதைக்கும் பற்றீரியாவும் பங்குக்கு எடுக்கும். வெதுவெதுப்பான நம் குளங்களில் ஒரு லீற்றரில் கரைந்திருக்கக்கூடிய ஒட்சிசனே 7, 8 மில்லிகிராம்தான். அது சூரியன் எழும் முன் மிகவும் குறைந்துவிடும். முதல் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினவா என்று நினைத்துப் பாருங்கள்.

பசளையை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். மழை இருட்டிக்கொண்டு வரும் நாளில் போடவே வேண்டாம்.

மூதூர் மாணவி: நீரில் மாசு சேரும் வழிகளில் ‘புள்ளி மூலம்’, ‘புள்ளியில்லா மூலம்’ என்ன வித்தியாசம்?

கையை நீட்டி ‘அந்தக் குழாயிலிருந்துதான்’ என்று காட்ட முடிந்தால் அது புள்ளி மூலம், மகள். அப்படிக் காட்ட முடியாதது மற்றது. மகாவலி மலைநாட்டிலிருந்து 335 கிலோமீற்றர் ஓடி உங்கள் ஊரருகே கொட்டியாரக் குடாவில் விழுகிறது. வழியில் தேயிலைத் தோட்டம், நகரம், வயல் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வருகிறது. அதில் எந்தத் துளி யாருடையது என்று சொல்ல முடியாது. சட்டத்தால் தடுக்கக் கடினமானதும் அதுதான்.

அதே மாணவி: கன்னியா வெந்நீரூற்றும் ‘வெப்ப மாசு’தானா?

நல்ல கேள்வி! இல்லை. மழைநீர் நிலத்துக்குள் ஆழமாக இறங்கி, அங்குள்ள சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது. இது இயற்கை. மனிதச் செயலால் ஒரு நீர்நிலையின் இயல்பான வெப்பநிலை மாறினால்தான் அது வெப்ப மாசு. உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் வரப்போகிறது என்றபோது, இயந்திரங்களைக் குளிர்விக்க எடுத்த கடல்நீரைச் சூடாகத் திருப்பிவிட்டால் குடாவின் மீன்களுக்கு என்ன ஆகும் என்ற அச்சமும் இருந்தது. 2016இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.