விக்கிப்பீடியா கட்டுரையில் 'சான்று தேவை' குறிப்புகள் நிறைந்திருந்தால் எங்கிருந்து திருத்தத் தொடங்குவது?

புதுச் சான்று தேடுவதற்கு முன், ஏற்கெனவே உள்ளவற்றைத் திறந்து படியுங்கள். பெரிய சிக்கல் அங்கேதான் இருக்கும். சான்றுள்ள ஒரு வாக்கியத்தின் நடுவே பின்னாளில் யாரோ புதுத் தகவலைச் செருகியிருப்பார். மூலத்தில் அது இருக்காது, ஆனாலும் சான்று பெற்றதுபோலத் தோன்றும். 'வரலாற்றைக் காட்டவும்' பகுதியில் பழைய பதிப்புகளை ஒப்பிட்டால் எப்போது நுழைந்தது என்று தெரியும். மூலம் சொல்லாததைப் பிரித்தெடுத்துத் தனி வாக்கியமாக்கி, அதற்கு மட்டும் 'சான்று தேவை' குறிப்பு இடுங்கள். அது உயிருடன் இருப்பவரைப் பற்றிய, சான்றில்லாத சர்ச்சைக்குரிய தகவல் என்றால் காத்திருக்காமல் நீக்கிவிட வேண்டும்.

அடுத்து, விக்கிப்பீடியாவிலிருந்தே நகலெடுத்த இணையதளங்களைச் சான்றாக ஏற்காதீர்கள். கட்டுரையில் அந்த வரி சேர்ந்த நாளையும் அந்தப் பக்கம் வெளியான நாளையும் ஒப்பிட்டால் பெரும்பாலும் பிடிபடும்.

நூலென்றால் பக்க எண் கட்டாயம். 400 பக்க நூலின் பெயர் மட்டும் இருந்தால் எவராலும் சரிபார்க்க முடியாது. செத்துப்போன இணைப்பை அழிக்காதீர்கள், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடி காப்பக முகவரியைச் சேருங்கள்.

நடைக்கு ஒன்றே ஒன்று: 'புகழ்பெற்ற', 'மாபெரும்' என்பவற்றை எடுத்துவிட்டு, என்ன செய்தார், எந்த ஆண்டில் என்று எழுதுங்கள்.