காட்டுக்குள் மரவீட்டு விடுதி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: போல்ட் அடித்தால் மரம் பட்டுப்போகாதா? கயிறோ இரும்புப் பட்டையோ சுற்றிக் கட்டுவதுதானே மரத்துக்கு நல்லது?

பலரும் இரக்கத்தோடு செய்யும் தவறு இது. இலைகள் தயாரிக்கும் உணவு, பட்டைக்கு உட்புறமுள்ள மெல்லிய அடுக்கின் வழியாகவே வேருக்கு இறங்குகிறது. தண்டை இறுக்கிக் கட்டினால், அடிமரம் பருக்கப் பருக்கக் கட்டு பட்டைக்குள் புதைந்து அந்த வழியை முழு வட்டமாக அடைத்துவிடும். பல ஆண்டுகள் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்துப் பாருங்கள்: கம்பிக்கு மேலே பட்டை தடித்த உதடு போலப் புடைத்திருக்கும், கீழே தண்டு ஒடுங்கிக் கிடக்கும்.

போல்ட் ஏற்படுத்தும் காயமோ ஓரிடத்தோடு நின்றுவிடுகிறது. மரம் காயத்தை ஆற்றுவதில்லை. அதைச் சுற்றித் தடுப்பு எழுப்பி ஒதுக்கிவைக்கிறது. மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து இதை விளக்கியவர் அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ. ஆகவே நெருக்கமாகப் பல சிறு போல்ட்டுகளை அடிக்காதீர்கள். அவற்றின் காயங்கள் ஒன்றுசேர்ந்து உளுத்துப்போகும். தடித்த போல்ட் ஒன்றிரண்டைப் போதிய இடைவெளி விட்டு அமைப்பதே சரி. இரண்டு மரங்களுக்கு இடையே உத்தரம் போட்டால் ஒரு முனையை மட்டும் இறுக்கி, மறுமுனை நழுவும்படி விட வேண்டும். காற்றில் இரண்டு மரங்களும் ஒரே தாளத்தில் ஆடுவதில்லை. இரு முனைகளையும் இறுக்கினால் உத்தரமோ போல்ட்டோ முறியும்.

கேள்வி: வீடு மரத்தில் தொங்க வேண்டுமா, மரங்களுக்கிடையே தூண்களில் நிற்கலாமா?

இரண்டுக்கும் நல்ல முன்மாதிரிகள் உண்டு. ஸ்வீடனின் ஹாராட்ஸ் கிராமத்தில் 2010-இல் தொடங்கிய ட்ரீஹோட்டல் என்ற விடுதியின் கண்ணாடிக் கனசதுர அறை, பக்கத்துக்கு 4 மீட்டர் அளவில் ஒரே தண்டைச் சுற்றி அமைந்தது. போர்ச்சுகலின் பெத்ராஸ் சல்காதாஸ் பூங்காவில் உள்ள பாம்பு வடிவ வீடுகளோ மரங்களைத் தொடாமல் தூண்களில் நிற்கின்றன. குளியலறையும் ஆண்டு முழுவதும் விருந்தினரும் உள்ள விடுதிக்கு நான் தூண்களையே பரிந்துரைப்பேன். மரம் நோயுற்றாலும் வீடு நிற்கும். வீட்டின் பாரத்தை மரம் சுமக்க வேண்டியதில்லை.

ஆனால் தூண் வந்துவிட்டால் வேரைப் பற்றிய கவலையும் வந்துவிடும். உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே, கிளைகளின் நிழலையும் தாண்டிப் பரவியிருக்கிறது. அடிமர விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரத்துக்கு வேர்களைக் காப்பது பிரிட்டனில் வழங்கும் விதி. 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு அது 6 மீட்டர். அந்த வட்டத்துக்குள் தூண் வந்தே தீரும் என்றால், கான்கிரீட் குழிக்குப் பதிலாகத் திருகி இறக்கும் இரும்புத் தூணைப் பயன்படுத்துங்கள். அதற்கு முன் கையால் மண்ணை விலக்கிப் பார்த்து, பெரிய வேர் தென்பட்டால் தூணைத்தான் நகர்த்த வேண்டும்.

கேள்வி: மாட்யூல்களை, அதாவது பட்டறையிலேயே முன்கூட்டிச் செய்யும் கட்டடப் பகுதிகளை, முழு அறையாகச் செய்து கொண்டுவரலாமா?

சாலையில் லாரி அனுமதிக்கும் அகலத்தை எல்லோரும் கணக்கிடுகிறார்கள். காட்டுக்குள் வரும் கடைசி நூறு மீட்டரை மறந்துவிடுகிறார்கள். முழு அறையைத் தூக்கக் கிரேன் வேண்டும். கிரேன் வர மரம் வெட்டிப் பாதை போட வேண்டும். அதன் சக்கரம் ஒருமுறை அழுத்திய மண்ணில் காற்றும் நீரும் இறங்கப் பல ஆண்டுகள் ஆகும். எந்தக் காட்டுக்காக விருந்தினர் வருகிறாரோ அந்தக் காட்டையே அழித்து எழும்பும் அறையால் யாருக்குப் பயன்? நான்கு பேர் தூக்கிச் செல்லும் சுவர், தரை, கூரைப் பலகங்களாகப் பிரித்து, நின்ற இடத்தில் போல்ட்டால் இணையுங்கள். ஆணியையும் பசையையும் தவிர்த்தால், பின்னாளில் அதே பலகங்களைக் கழற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம். குழாய்கள் நிறைந்த குளியலறையை மட்டும் பட்டறையிலேயே சிறு பெட்டியாக முடித்துக் கொண்டுவருவது நல்லது.

கேள்வி: வெளிப்புறத்துக்கு எந்த மரம்?

மரத்தின் பெயரைவிட, தண்டின் நடுவே வைரம் பாய்ந்த பகுதியா என்பதே முக்கியம். தேக்கிலும் வெளுத்த புறப்பகுதி சீக்கிரம் பூச்சிக்கு இரையாகும். மரத்தை வேகமாகக் கெடுப்பது தேங்கும் ஈரம். மரம் குறுக்குவாட்டை விட நெடுவாட்டில் பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். எனவே மரத்தூணின் அடி வெட்டுமுகம் எதன் மீதும் படியாமல், தூணைப் பிடித்துத் தாங்கும் இரும்புக் காலணியில் விரலளவு உயர்ந்து நிற்க வேண்டும்.

கேள்வி: பெரிய கண்ணாடிச் சன்னல்களில் பறவைகள் மோதாமல் தடுப்பது எப்படி?

கண்ணாடியில் தெரியும் கிளையை உண்மை என்று நம்பியே பறவை பாய்கிறது. ஹாராட்ஸின் கண்ணாடிக் கனசதுர அறையில், நம் கண்ணுக்குத் தெரியாத, பறவைகள் காணக்கூடிய புற ஊதாப் படலத்தைக் கண்ணாடியில் சேர்த்தார்கள். அது கிடைக்காவிட்டால் கண்ணாடியின் வெளிமுகத்தில் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ இடுங்கள். உள்முகத்தில் இட்டால் பிரதிபலிப்பு அவற்றை மறைத்துவிடும். இரவில் வெளிவிளக்குகள் மஞ்சள் ஒளியோடு கீழ்நோக்கியே எரியட்டும். ஆள் நடக்காத நேரத்தில் அவை தாமாக அணைய வேண்டும்.