தானாக வந்த நோயா, யாரோ பரப்பியதா?

கேள்வி: ஆய்வகத்தில் கிருமியைப் பார்த்தாலே இது சதியா, இயற்கையா என்று தெரிந்துவிடாதா?

பெரும்பாலும் தெரியாது. 1984-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், தி டாலஸ் என்ற சிற்றூரில் 751 பேர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். காரணம் சால்மோனெல்லா, எங்கும் சாதாரணமாகக் காணப்படும் கிருமி. 10 உணவகங்கள் சம்பந்தப்பட்டிருந்தன, சாலட் வைத்திருந்த மேசைகள் மீதுதான் சந்தேகம். ஆனால் அத்தனை உணவகங்களுக்கும் பொதுவான சரக்கோ தண்ணீரோ இல்லை. அங்கேயே உறுத்தியிருக்க வேண்டும். ஆனால் உணவக ஊழியர்கள் பலரும் நோயுற்றிருந்ததால், அவர்கள் கை வழியாகப் பரவியது என்று முடிவு கட்டினார்கள். விசாரித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை அதுதான் சரியான விடை. அடுத்த ஆண்டு, அந்தப் பகுதியில் இருந்த சாமியார் ரஜ்னீஷின் (ஓஷோ) ஆசிரமத்துக்குள் பிளவு வந்து, ரஜ்னீஷே தன் ஆட்கள் மீது குற்றம் சாட்டிய பிறகுதான் ஆசிரமத்து ஆய்வகத்தில் அதே வகைக் கிருமி சிக்கியது. உள்ளூர்த் தேர்தலில் வாக்காளர்களை முடக்கிப்போடுவது அவர்கள் திட்டம்.

கேள்வி: அப்புறம் எதை வைத்துத்தான் கண்டுபிடிப்பது?

யாருக்கு, எங்கே, என்றைக்கு, உடம்பில் எந்த இடத்தில் என்று பார்க்க வேண்டும். 1979-இல் சோவியத் நகரமான ஸ்வெர்ட்லாவ்ஸ்கில் ஆந்த்ராக்ஸ் (கால்நடைகளிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடிய கொடிய நோய்) வந்து குறைந்தது 66 பேர் இறந்தார்கள். கெட்ட இறைச்சி என்றது அரசு. ஆனால் பிரேதப் பரிசோதனையில் நெஞ்சுக்குள் இருந்த நிணநீர்க் கணுக்கள் சிதைந்திருந்தன. அதாவது கிருமி மூச்சு வழியே போயிருக்கிறது. பிற்பாடு, நோயாளிகள் ஏப்ரல் 2 அன்று பகலில் இருந்த இடங்களை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால், கிருமி ஆய்வு நடந்த ராணுவ வளாகத்திலிருந்து தெற்கே நீளும் ஒரு குறுகிய பட்டை. அன்று காற்று வீசிய திசையும் அதுவே. அதே கோட்டில் ஊர்ப்புறத்தில் கால்நடைகளும் செத்திருந்தன. இது இயற்கையும் இல்லை, தாக்குதலும் இல்லை, கசிவு. இந்த மூன்றாவது வாய்ப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: இதுவரை இல்லாத நோய் திடீரென்று வந்தால் சந்தேகப்படலாமா?

சந்தேகம் வரட்டும், முடிவுக்குப் போக வேண்டாம். 1999-இல் நியூயார்க்கில் வெஸ்ட் நைல் வைரஸ் முதன்முறையாகத் தலைகாட்டியபோதும் சதி என்ற பேச்சு எழுந்தது. காகங்களும் கொத்துக்கொத்தாகச் செத்தன. கடைசியில் பரப்பியது கொசுதான்.

கேள்வி: சாதாரண மருத்துவர் இதில் என்ன செய்ய முடியும்?

நிறைய. 2001 அக்டோபரில் ஃபுளோரிடாவில் ஒரு நோயாளியின் தண்டுவட நீரை நுண்ணோக்கியில் பார்த்த மருத்துவர், பெரிய குச்சி வடிவக் கிருமிகளைக் கண்டு ஆந்த்ராக்ஸாக இருக்கலாம் என்று உடனே சுகாதாரத் துறைக்குத் தகவல் கொடுத்தார். தனி ஒரு சம்பவம் என்றுதான் முதலில் அதிகாரிகள் நினைத்தார்கள். தபாலில் கிருமித்தூள் போய்க்கொண்டிருந்தது அதன் பிறகுதான் தெரிந்தது.