வரி ஏற்றிய விலையை வட்டி இறக்குமா?

கேள்வி: இறக்குமதி வரியைக் கூட்டி, வெளிநாட்டுத் தொழிலாளர் வருகையையும் ஒரு நாடு கட்டுப்படுத்தினால் உள்நாட்டில் வேலையும் கூலியும் பெருகும் என்கிறார்கள். அதனால் விலைவாசி ஏறினால் மத்திய வங்கி வட்டியை உயர்த்திச் சமாளித்துவிடும் என்பது சரியா?

பதில்: வேலை பெருகும் என்பதில் ஓரளவு உண்மை உண்டு; வட்டி சமாளித்துவிடும் என்ற நம்பிக்கைதான் எனக்குக் கவலை தருகிறது. அமெரிக்கா 2018-இன் தொடக்கத்தில் இறக்குமதி வாஷிங் மெஷின்கள்மீது கூடுதல் வரி விதித்தபோது, அந்த வரிக்கு உட்படாத துணி உலர்த்தும் இயந்திரத்தின் விலையும் ஏறக்குறைய அதே அளவு ஏறியது. மக்கள் இரண்டையும் ஜோடியாக வாங்குவதால் சுமை இரண்டின்மீதும் பகிர்ந்து ஏற்றப்பட்டது. சுமார் 1,800 வேலைகள் உருவாயின என்றும், ஒவ்வொரு வேலைக்கும் நுகர்வோர் ஆண்டுக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

குடியேற்றத்தின் கணக்கு இவ்வளவு தெளிவானதல்ல. 1980-இல் கியூபாவின் மரியேல் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1,25,000 பேர் புளோரிடாவில் வந்திறங்கினர். மியாமியின் தொழிலாளர் எண்ணிக்கை 7 சதவீதம் கூடியும் அங்கே கூலி சரியவில்லை என்று பொருளாதார அறிஞர் டேவிட் கார்டு 1990-இல் எழுதினார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களின் கூலி சரிந்தது என்று சொல்லி, இன்னொரு பொருளாதார அறிஞரான ஜார்ஜ் போர்ஹாஸ் பிற்பாடு அதை மறுத்தார். வருபவர் குடியிருக்க வீடும் உடுக்கத் துணியும் வாங்கிப் பிறருக்கும் வேலை உண்டாக்குகிறார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வட்டி உயர்ந்தால் கடன் குறையும், செலவு அடங்கும். வராத சரக்கையும் இல்லாத ஆட்களையும் அதனால் கொண்டுவர முடியாது. வரியால் ஏறும் விலை பெரும்பாலும் ஒரு தடவை ஏறி நின்றுவிடும் என்பதால், அதற்காக வட்டியை உயர்த்தினால், கூடுதல் விலை கொடுத்துக்கொண்டிருப்பவர் வேலையையும் இழக்க நேரிடலாம். ஆனால் விலை இன்னும் ஏறும் என்று எல்லோரும் நம்பி, அதற்கேற்பக் கூலியையும் விலையையும் கூட்டத் தொடங்கிவிட்டால் வங்கி சும்மா இருக்க முடியாது. அமெரிக்காவில் 1970-களில் அப்படி வேரூன்றிய பணவீக்கத்தை அடக்க, பால் வோல்க்கர் தலைமையிலான அந்நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 1981-இல் குறுகிய கால வட்டியை 19 சதவீதத்துக்கு மேல் கொண்டுசென்றது. பணவீக்கம் 1983-இல் 3 சதவீத அளவுக்கு இறங்கியது; அதற்குள் 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதத்தைத் தொட்டிருந்தது. வீட்டுக் கடன் வட்டி எட்டாத உயரத்துக்குப் போனதால் தொழில் முடங்கிய கட்டுமானக்காரர்கள், வீடு கட்ட வைத்திருந்த மரச்சட்டங்களின் மீதே முகவரியை எழுதி, தபால் தலை ஒட்டி, வோல்க்கருக்கு அனுப்பிவைத்தார்கள்.