மூணு ஃபேனையும் மாத்தணுமா? 540 யூனிட் பில் வந்தவங்களுக்கு ஒரு கணக்கு

திருச்சியில இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. வாடகை வீடு, மாடியில, வெயில் காலத்துல ரெண்டு மாச பில் 540 யூனிட் வந்துடுச்சு. கடைக்காரர் "மூணு ஃபேனையும் கம்மி கரண்ட்ல ஓடுற பிஎல்டிசி ஃபேனா மாத்துங்க, பில் பாதியாயிடும்"ங்கிறார், கணவர் சோலார் போடலாம்ங்கிறார், எதைக் கேக்குறதுன்னு. ஹால் ஃபேன் ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடுது, பெட்ரூம் ஃபேன் 10 மணி நேரம், சமையல் ரூம்ல 2 மணி நேரம். ராத்திரி 4 மணி நேரம் ஏசி.

பில் பாதியாகாது சகோதரி, அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா ரெண்டு ஃபேனை மட்டும் மாத்துங்க, உங்க வீட்டுக்கு அது நல்ல லாபம்.

ஏன்னு பாருங்க. பழைய சீலிங் ஃபேன் ஃபுல் ஸ்பீடுல சுமார் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி 30 வாட் பக்கம்தான். மிச்சம் 45 வாட். ஹால்ல 15 மணி நேரம்னா ரெண்டு மாசத்துக்கு 40 யூனிட், பெட்ரூம்ல 27 யூனிட், மொத்தம் 67. சமையல் ரூம்ல அதே காசைக் கொட்டினா மிஞ்சுறது 5 யூனிட்தான், அதுக்கு 3000 ரூபா ஃபேன் எதுக்கு, அதை அப்படியே விட்டுடுங்க.

இனிமேதான் முக்கியமான விஷயம், கடையில இதைச் சொல்ல மாட்டாங்க. 540ல 67 போனா 473, அதாவது நீங்க 500க்குக் கீழ வந்துடுறீங்க. தமிழ்நாட்டுல 500 தாண்டினா தாண்டின யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறாது, கீழ இருக்கிற 101ல இருந்து 200 வரைக்குமான சலுகையும் சேர்ந்து போயிடும். 2022 செப்டம்பர்ல வந்த கட்டணத்துல போட்டுப் பாத்தேன், 500 யூனிட்டுக்கு 1725 ரூபா, 501க்கு 1958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபா! அதே கணக்குல 540க்கு 2270, 473க்கு 1563, ஒரு பில்லுக்கு 700 ரூபா மிச்சம். அதுக்கப்புறம் ரேட் மாறியிருக்கு, இப்போ உள்ள ரேட்டை வச்சு நீங்களே போட்டுக்கோங்க, நான் சொல்றது அந்த 500 கோட்டைப் பத்தி. 300 யூனிட் வர்ற வீட்டுக்காரங்க இதே ஃபேனை வாங்கினா காசு திரும்பி வர ரொம்ப நாளாகும், அவங்க பழைய ஃபேன் கெட்டுப்போகும்போது மாத்தினா போதும்.

ஒண்ணு மட்டும் விசாரிச்சுக்கோங்க, உங்க மாடிக்கு தனி ஈபி கனெக்‌ஷனா, இல்ல ஹவுஸ் ஓனர் சப் மீட்டர் வச்சு யூனிட்டுக்கு இத்தனைன்னு வாங்குறாரான்னு. சப் மீட்டர்னா இந்த 500 கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, 67 யூனிட்டை அவர் ரேட்டால பெருக்கிப் பாத்து முடிவு பண்ணுங்க.

வாங்கும்போது ஸ்டார் லேபிளைப் பாருங்க, 2023 ஜனவரியில இருந்து சீலிங் ஃபேனுக்கு அது கட்டாயம். அதுல சர்வீஸ் வேல்யூன்னு ஒரு நம்பர் இருக்கும், ஃபேன் தள்ளுற காத்தை வாட்டால வகுத்தா வர்றது. நிமிஷத்துக்கு 220 கன மீட்டர் காத்து, 28 வாட்னா கிட்டத்தட்ட 8, பழைய ஃபேனுக்கு 3 கூட வராது. வாட் கம்மியா இருக்கேன்னு காத்து கம்மியான மாடலை வாங்கிட்டு வந்து வேர்வையில உக்காராதீங்க, ரெண்டு நம்பரையும் பாக்கணும்.

மாட்டும்போது எலக்ட்ரீஷியன் பக்கத்துலயே நில்லுங்க. சுவத்துல இருக்கிற ரெகுலேட்டரை எடுத்துட்டு லைனை நேரா ஸ்விட்ச்சுக்குக் கொடுக்கச் சொல்லுங்க, ஏன்னா பிஎல்டிசிக்குள்ள ஒரு எலக்ட்ரானிக் போர்டு இருக்கு, வேகத்தை அதுவே பாத்துக்கும், ரெகுலேட்டர் வழியா கரண்ட் வந்தா அது கெட்டுப்போகலாம். நான் பாத்த ஒரு வீட்டுல ரெகுலேட்டரை விட்டுட்டு மாட்டிட்டுப் போயிட்டாங்க, மூணாவது மாசம் போர்டு போச்சு, தப்பா மாட்டினதுக்கு வாரண்டி கிடையாதுன்னு கம்பெனிக்காரங்க கையை விரிச்சுட்டாங்க. அந்த அம்மா சீட்டுக் காசுல வாங்கின ஃபேன் அது, எனக்கு இன்னைக்கும் மனசு கஷ்டமா இருக்கு.

சமையல் ரூம் ஃபேன்ல ரெகுலேட்டர் பழைய பெரிய பொட்டி மாதிரி இருந்தா, ஃபேனை ரெண்டுல வச்சு ஓட விட்டுட்டு கொஞ்ச நேரம் கழிச்சு அதைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா அந்தச் சூடு உங்க கரண்ட்தான், சின்ன எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மாத்திடுங்க. ஃபேன் மெதுவா சுத்துதுன்னா பெரும்பாலும் கப்பாசிட்டர்தான் வீக்கா இருக்கும், அதை மாத்த பெரிய செலவு ஆகாது.

சோலார் நல்லதுதான், சொந்த வீடு இருக்கிறவங்களுக்கு. 2024ல வந்த மத்திய அரசு திட்டத்துல 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம் இருக்கு. உங்களுக்கு மொட்டை மாடியே உங்களோடது இல்லையே, கணவர்கிட்ட பொறுமையா எடுத்துச் சொல்லுங்க.

ஏசியை 26ல வச்சு கூடவே ஃபேனையும் ஓட விடுங்க, ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா கழுவுங்க. அப்புறம் ரீடிங் எடுத்த தேதியில இருந்து 45வது நாள் மீட்டரை நீங்களே பாருங்க. கடைசி ரீடிங்கைக் கழிச்சா 370 தாண்டியிருந்துச்சுன்னா 500ஐ நெருங்குறீங்கன்னு அர்த்தம், மிச்ச 15 நாள் ஏசியை ஒரு மணி நேரம் குறைங்க, அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் பக்கம் வரும்.

கழட்டின ரெண்டு பழைய ஃபேனையும் எக்ஸ்சேஞ்சுல போடாம துணியில சுத்தி பரண்ல வச்சுக்கோங்க, ரெகுலேட்டரையும் சேர்த்துத்தான். வீடு காலி பண்ணும்போது அதைத் திரும்ப மாட்டிட்டு புது ஃபேனை நீங்க எடுத்துட்டுப் போயிடலாம்.